மூன்றாம் ஓலை

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை மதராஸ் நர்ஸ் கவுன்சிலிலிருந்து பார்வையிட வந்த அம்மாள், பாலாற்றங்கரை மிஷன் ஆஸ்பத்திரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள். "இங்கே நர்ஸ் பெண்களுக்குப் பாடம் நடத்துகிறவர் யார்?"

அமிர்தவள்ளியைக் காட்டினார்கள். அந்த அம்மாள் அவளுடைய படிப்பை ஒவ்வொன்றாக விசாரித்தாள். ஹைஸ்கூல் முடித்தாயிற்றா? ஆயிற்று. மூன்று வருஷ நர்ஸ் பயிற்சி, அதன் மேல் பிரசவப் பயிற்சி, மதராஸில் பதிவு? எல்லாம் இருந்தது. பாடம் சொல்லிக்கொடுப்பதற்கென்றே தனியாக ஒரு வருஷப் படிப்பு? மிஷன் அவளைக் கல்கத்தாவுக்கு அனுப்பி அதையும் படிக்க வைத்திருந்தது.

"நல்லது" என்றாள் அந்த அம்மாள். "இந்தத் தகுதி உள்ளவர் ஒருவராவது இல்லாத பள்ளியிலிருந்து இனிமேல் யாரையும் பரீட்சைக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம்."

அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அமிர்தவள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணமான பெண்ணை அந்த ஆஸ்பத்திரியில் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை.

அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையில் நடந்ததுதான் இந்த வாரக் கதை.

*

தானியேல் முதல் மணி அடிக்கும்போதே கோயிலுக்கு வந்துவிட்டான். அமிர்தவள்ளியின் தம்பி. அவளுக்கு ஐந்து வயது இளையவன். ஆம்பூர்ச் சாலையில் இருந்த தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதினான். வேலை முடிந்ததும் மாலை வகுப்புக்குப் போய் இங்கிலீஷும் கணக்குப் பதிவும் படித்தான். எதையும் மூன்று தரம் சரிபார்ப்பான். சரிபார்த்த பிறகும் தன் மேல் அவனுக்கு நம்பிக்கை வராது.

"ஐயரே, இன்னிக்கி ஓலை எல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்று குருவானவரிடம் கேட்டான்.

ஐயர் அங்கியை மாட்டிக்கொண்டே சிரித்தார். "தம்பி, ரெண்டு வாரம் சரியா இருந்தது மூணாவது வாரம் தப்பாப் போவுமா? போய் உக்காரு."

ஓலை என்று பெயர்தானே தவிர, அது காகிதம்தான். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் வாசிப்பார்கள். வாசிக்கும் நாட்களில் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்கு வரக் கூடாது என்பது அந்தத் தெருவின் வழக்கம். அதனால் அமிர்தவள்ளி ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். திருப்பத்தூரில் பள்ளி வாத்தியாராக இருந்த மாப்பிள்ளை எபநேசர், உபதேசியார் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சித்தப்பா மட்டும் அங்கவஸ்திரத்தைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு ஆண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்தார். அவருக்கு அருகே தானியேலின் அப்பா தேவசகாயம். தோல் ஷாப்பில் மேஸ்திரி. கோயிலுக்கும் முதலாளியின் முன்னால் நிற்கவும் மட்டுமே கட்டுகிற வெள்ளைத் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்திருந்தார்.

பெண்கள் பக்கம் கடைசி இரண்டு வரிசையில் நர்ஸ் பள்ளிப் பெண்கள் வெள்ளைப் புடவையில் வந்து உட்கார்ந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களானாலும் பெறாதவர்களானாலும் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வரவேண்டும் என்பது விடுதி ஒழுங்கு.

ஐயர் ஓலையை வாசித்தார். தேவசகாயத்தின் குமாரத்தி அமிர்தவள்ளி. இது மூன்றாம் முறை. தடை அறிந்தவர்கள் சொல்லக் கடவர்கள்.

வழக்கம்போல ஒரு சின்ன மௌனம் விட்டார். அந்த மௌனத்தில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. தானியேலுக்குத் தெரிந்து ஒரு தடவைகூட இல்லை.

"ஐயரே, தடை இருக்குதுங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. கடைசி வரிசையில் ஒரு நர்ஸ் பெண் எழுந்து நின்றிருந்தாள். கைகளை முன்னால் கோத்து, வார்டில் டாக்டருக்குப் பதில் சொல்லும்போது நிற்பதுபோல நின்றாள்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ யாரும்மா?"

"முனியம்மாங்க. மூணாம் வருஷம் நர்ஸ் படிக்கிறேன். அணைக்கட்டுப் பக்கம் எங்க ஊரு."

"பொண்ணைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"அவங்க போய்ட்டா எங்களுக்கு டீச்சர் இல்லீங்க. டீச்சர் இல்லாட்டி பரீட்சை இல்லன்னு மதராஸ்காரம்மா சொல்ட்டுப் போயிருக்காங்க. நாங்க மூணு வருஷம் படிச்சது வீணாப் போயிடும். தடை இருந்தா சொல்லுன்னு கேட்டீங்க. அதான் சொல்றேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் முறைத்ததும் சிரிப்பு நின்றது.

"அம்மா, நான் கேட்டது அந்தத் தடை இல்ல" என்றார் ஐயர் மெதுவாக. "பொண்ணுக்கு ஏற்கெனவே புருஷன் இருக்குறானா, பையனுக்கு வேற பொஞ்சாதி இருக்குதா, ரெண்டு பேரும் ரத்த சம்பந்தமா, இந்த மாதிரி."

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவங்க நல்லவங்க. அதனாலதான் சொல்றேன்."

அவள் ஊரில் பெரியவர்கள் மரத்தடியில் கூடி, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று கேட்டால், உள்ளவர்கள் எழுந்து சொல்வார்கள். சொல்வதற்குத்தான் கேட்கிறார்கள் என்று அவள் எண்ணியிருந்தாள். கோயிலில் அது சொல்லாமல் இருப்பதற்காகக் கேட்கப்படும் கேள்வி என்று அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்தார். அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நடுப்பாதையில் யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

*

ஆராதனை முடிந்ததும் ஐயர் இரண்டு வீட்டாரையும் தம் அறைக்கு அழைத்தார்.

"அந்தப் பொண்ணு சொன்னது சபைச் சட்டப்படி தடையே இல்ல. இன்னிக்கே நான் முடிஞ்சதுன்னு எழுதலாம். ஆனா தடைங்கற வார்த்தை சபையில விழுந்துடுச்சு. நாளைக்கி யாரும் ஒரு பேச்சு பேசக் கூடாது. அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு வாட்டி வாசிக்கிறேன். யாரும் எழுந்திருக்கலன்னா எல்லாம் சுத்தமாப் போயிடும்."

"நாலாவது ஓலையா?" என்றார் சித்தப்பா. "எங்க குடும்பத்துல யாருக்கும் மூணுக்கு மேல வாசிச்சதில்ல. பொண்ணு வேலையை விட்டுடுவான்னு நீங்க சொன்னீங்களே, மேஸ்திரி. சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்" என்றார் தேவசகாயம்.

"அப்ப அந்தப் பொண்ணுங்க ஏன் அப்படிக் கேக்குதுங்க? விட்டுட்டாளா?"

தேவசகாயம் கையிலிருந்த தலைப்பாகையை மறுபடி மடித்தார்.

"இன்னிக்கிப் பொழுது சாயறதுக்குள்ள எனக்கு ஒரு பேச்சு தெரிஞ்சாவணும். சாயங்கால வண்டிக்கு நாங்க கிளம்புறோம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தானியேலின் அம்மா பூவம்மாள் புடவையின் மடிப்பை நீவிக்கொண்டே சொன்னாள்: "மூணு வாரமா இதே பட்டுப் புடவையைக் கட்டிக்கினு முன்னாடி உக்கார்றேன். நாலாவது வாரத்துக்கும் இதுதானா? ஊர்ல எல்லாருக்கும் இதோட கரை மனப்பாடம் ஆயிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"இது உங்கக்கா வேலை" என்றார் தேவசகாயம், மகனைப் பார்த்து. "நேர்ல வந்து சொல்ல முடியாம, ஒரு சின்னப் பொண்ணை ஏவிவிட்டிருக்குறா. போய்க் கேளு. கேட்டுட்டு, ராஜிநாமாவை டாக்டரம்மாகிட்ட குடுக்க வச்சுட்டு வா."

"அக்கா அப்படிப்பட்டவ இல்லப்பா."

"அப்ப எப்படிப்பட்டவ? சொல்லேன். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

தானியேலுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுதான் அவனை உறுத்தியது. இந்த வரனைப் பார்த்தவனே அவன்தான். மாப்பிள்ளையின் வேலை, வீடு, உடம்பு, பழக்கவழக்கம், சபையில் மரியாதை என்று ஒவ்வொன்றாக விசாரித்து வந்தவன். வேலையை விட்டுவிடுவாள் என்று அப்பா வாக்குக் கொடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவன். அத்தனை பேரிடம் அத்தனை கேட்டவன், அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை என்பது தெருவில் இறங்கி நடந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது.

*

தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டை மண்டியைத் தாண்டும்போது நயீம் அகமது கூப்பிட்டான். அதே ஷாப்பில் தோல் எடை போடுகிறவன்.

"இன்னா தானியேல், உங்க சர்ச்சுல பெரிய கலாட்டாவாமே?"

"ஒண்ணுமில்ல நயீம்."

"ஒண்ணுமில்லையா? உங்கக்காவுக்கு ஏற்கெனவே கல்கத்தாவுல நிக்காஹ் ஆயிடுச்சுன்னு டீக்கடையில சொல்லிட்டிருக்கானுங்க. ஒரு நர்ஸ் பொண்ணே எழுந்து சாட்சி சொல்லுச்சாம்."

தானியேலுக்குக் காது சுட்டது. கோயில் விட்டு இன்னும் வெயில்கூட ஏறவில்லை. அதற்குள் கல்கத்தா வரை போய்விட்டிருந்தது.

"அவ டீச்சர் இல்லாட்டி பரீட்சை கிடையாதுன்னுதான் அந்தப் பொண்ணு சொல்லிச்சு" என்றான்.

நயீமின் முகத்தில் விளையாட்டு மறைந்தது. "பரீட்சை இல்லன்னா அந்த ஸ்கூலு?"

"மூடுறதுதான்."

"அப்ப எங்க ஜனங்க இன்னா பண்றது? எங்க வூட்டுல மொத பிரசவத்துக்கு அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான் வந்தாங்க. ஆம்பிள டாக்டரை எங்க அம்மா வாசல்படி தாண்ட வுடுவாங்களா? பேஜாரு தோஸ்த் இது. டீக்கடையில நான் சொல்லிக்கிறேன், நீ போ."

*

ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் பகுதி ஞாயிற்றுக்கிழமையானதால் வெறிச்சென்றிருந்தது. கெங்கம்மாள் கட்டுத்துணிகளை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்தவர்களில் எல்லாரையும்விடப் பழைய நர்ஸ் அவள். ஐந்தாம் வகுப்புப் படித்தவள்.

"உங்கக்கா பாட ரூம்புல இருக்குது" என்றாள். "கோவமா இருக்குது. பாத்துப் பேசு."

தானியேல் தயங்கி நின்றான். "கெங்கம்மாக்கா, நீங்க இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கீங்க. நீங்க பாடம் நடத்தினா ஆவாதா? அந்தச் சட்டம் எதுக்கு?"

கெங்கம்மாள் ஒரு துணியை உதறிக் கயிற்றில் போட்டாள்.

"உங்கக்கா வர்றதுக்கு முன்னாடி நான்தான் நடத்தினேன், தம்பி. இப்படிச் செய்யுன்னு காட்டுவேன். புள்ளைங்களும் செய்யும். ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குக் காட்டினவங்களுக்கும் தெரியாது." கையைப் புடவையில் துடைத்தாள். "போன மாசம் பச்சைத் தோல் சுமக்கிற காசி கழுத்துல ஒரு புண்ணோட வந்தான். நடுவுல கருப்பா, சுத்தி வீங்கி. வலி இல்லன்னான். கட்டின்னு நினைச்சு நான் கத்தியை எடுத்துட்டேன். அந்த முனியம்மாதான் கையைப் புடிச்சுது. வலியில்லாத கருப்புப் புண்ணு, தோல் சுமக்கிறவன், இதைக் கீறக் கூடாது, டாக்டரம்மாவைக் கூப்பிடுங்கன்னுச்சு. உங்கக்கா பாடத்துல சொல்லியிருக்குது. மாட்டுத் தோல்லேர்ந்து வர்ற நோவாம். கீறியிருந்தா உள்ள பரவியிருக்கும்னு டாக்டரம்மாவும் சொன்னாங்க. என் அப்பனுக்கு வந்திருந்தாலும் நான் கீறித்தான் இருப்பேன்."

அவள் குரலில் வருத்தமும் இல்லை, வெட்கமும் இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

"காசி இப்ப எப்படி இருக்குறான்?"

"உங்கப்பாகிட்டதானே வேலை பாக்குறான். அவரையே கேளு."

*

பாட அறையில் ஒரு கட்டிலின் மேல் ஆள் உயரப் பொம்மை கிடந்தது. தோல் ஷாப்பில் கழித்துப்போட்ட துண்டுத் தோல்களை வாங்கித் தைத்து, தேங்காய் நார் அடைத்துச் செய்தது. தினமும் செத்துத் தினமும் எழுந்து கட்டுப் போட்டுக்கொள்வதால் பெண்கள் அதற்கு, வேதத்தில் செத்துப் பிழைத்தவன் பெயரையே எடுத்து, லாசரு என்று பெயர் வைத்திருந்தார்கள். அமிர்தவள்ளி லாசருவின் தோள் தையலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மூலையில் முனியம்மா உட்கார்ந்து கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. தானியேலைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீ போய்ச் சாப்பிடு" என்றாள் அமிர்தவள்ளி அவளிடம். "சாப்பிட்டுட்டு ஐயர்கிட்ட போய், தெரியாமப் பேசிட்டேன்னு சொல்லிட்டு வா. பேசினது தப்புன்னு சொல்ல வேணாம். தெரியாமப் பேசினேன்னு மட்டும் சொல்லு."

முனியம்மா போனதும் தானியேல் கேட்டான். "நீ சொல்லிக்குடுத்தியா?"

"இன்னாது?"

"அப்பா அப்படித்தான் நினைக்கிறார்."

அமிர்தவள்ளி ஊசியைத் தோலில் குத்தி நிறுத்தினாள். "நான் சொல்லிக்குடுத்திருந்தா அவ இன்னும் ஒழுங்காப் பேசியிருப்பா."

அவன் பக்கத்தில் இருந்த பெஞ்சியில் உட்கார்ந்தான். கேட்க வேண்டியதை மனத்துக்குள் வரிசையாக வைத்துக்கொண்டு வந்திருந்தான். ராஜிநாமா, சாயங்கால வண்டி, சித்தப்பாவின் கோபம். அவை எல்லாம் அந்தரத்தில் நின்றன.

"அக்கா, உனக்கு இந்தக் கல்யாணம் இஷ்டமா?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"இதைக் கேக்கத்தான் நடந்து வந்தியா?"

"இல்ல. வேற கேக்கத்தான் அனுப்பினாங்க. வழியில தோணிச்சு."

"ரெண்டு ஓலை வாசிச்சு முடிஞ்சாச்சு. மூணாவதும் வாசிச்சாச்சு. இப்பத்தான் ஒருத்தன் கேக்குறான்." அவள் மறுபடியும் ஊசியை இழுத்தாள். "இஷ்டம்தான்டா."

தானியேல் இதை எதிர்பார்க்கவில்லை. அவள் இல்லை என்று சொல்வாள், அதை எப்படி அப்பாவிடம் சொல்வது என்று பாதி வழியிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்திருந்தான்.

"பொண்ணு பார்க்க வந்தப்ப அவர் இன்னா கேட்டார் தெரியுமா? சமைக்கத் தெரியுமான்னு கேக்கல. பாடம் நடத்தறப்ப புள்ளைங்க தூங்கினா நீங்க இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டார். எழுப்பி, நாடி பார்க்கச் சொல்லுவேன்னேன். சிரிச்சார். எனக்கு அவரைப் புடிச்சுது. எனக்கும் ஒரு வீடு வேணும். இந்த விடுதிக் கஞ்சி போதும்டா எனக்கு."

"அப்ப வேலையை விட்டுடுவியா?"

"அதுவும் முடியாது."

அவள் தையல் முடிச்சைப் பல்லால் கடித்தாள்.

"மதராஸ்காரம்மா கேட்டது இன்னா இன்னான்னு யோசிச்சுப் பாரு. ஹைஸ்கூல் கேட்டாங்க. நர்ஸ் படிப்பு கேட்டாங்க. டீச்சர் படிப்பு கேட்டாங்க. கல்யாணம் ஆச்சான்னு கேட்டாங்களா? கேக்கல. அது சட்டத்துல இல்ல. இந்த ஆஸ்பத்திரி வழக்கம். வெள்ளிக்கிழமையே நான் பெரிய டாக்டரம்மாகிட்ட போய், கல்யாணத்துக்கு அப்புறமும் வேலையில இருக்கலாமான்னு கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"புருஷன் இதே ஊர்ல வந்து இருக்கணும், அவரே என் முன்னாடி வந்து எனக்குச் சம்மதம்னு சொல்லணும், அப்பத்தான் மிஷனுக்கு எழுதிப் பார்ப்பேன்னாங்க. எழுதிப் பார்ப்பேன்னுதான் சொன்னாங்க."

தானியேல் அதைத் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். மாப்பிள்ளை திருப்பத்தூர்ப் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, பெண் வீட்டு ஊருக்கு வந்து இருக்க வேண்டும். அவர் சித்தப்பா அதைக் கேட்டால் இரண்டு ஊருக்கும் கேட்கும்படி கத்துவார்.

"இதை அவர்கிட்ட யார் சொல்றது?"

"அதைத்தான் வெள்ளிக்கிழமையிலேர்ந்து யோசிக்கிறேன். யாரையாவது சொல்லச் சொன்னா, அவங்க சொல்றது வேற ஆயிடும். இந்தக் கல்யாணத்துல இதுவரைக்கும் என் பேச்சை எல்லாரும் எனக்குப் பதிலாப் பேசிட்டாங்க." அவள் எழுந்து தலைப்பைச் சரிசெய்தாள். "உபதேசியார் வீட்டுலதானே இருக்குறார்? வா."

"இப்படியேவா? வேலைப் புடவையிலயா? ஓலை நாள்ல பொண்ணும் மாப்பிள்ளையும் பாத்துக்கக் கூடாதுன்னு அம்மா..."

"அம்மா கேட்டா நீ தடுத்தேன்னு சொல்லு. நான் கேக்கலன்னும் சேர்த்துச் சொல்லு."

*

உபதேசியார் வீட்டு முன்னறையில் எபநேசர் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, முன்நெற்றி ஏறிய மனிதர். சித்தப்பா பயணப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் வெள்ளைப் புடவையைக் கண்டதும் இருவரும் எழுந்தார்கள்.

"இது எந்த ஊர் வழக்கம்?" என்றார் சித்தப்பா தானியேலைப் பார்த்து. "பொண்ணைக் கூட்டிக்கினு வந்திருக்குற."

தானியேல் வாயைத் திறந்தான். வழக்கமாக அந்த இடத்தில் அவனுக்குத் தப்பாகத்தான் ஏதாவது வரும். "நான் கூட்டிக்கினு வரலீங்க" என்றான். "அக்கா வந்துச்சு. நான் கூட வந்தேன்."

அமிர்தவள்ளி உட்காரவில்லை. நின்றபடியே, பாடம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். மதராஸிலிருந்து வந்த சட்டம். பள்ளியில் அந்தப் படிப்பு உள்ளவள் தான் ஒருத்திதான். கடைசி வருஷத்துப் பெண்கள் பரீட்சை எழுதாமல் போனால் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள முடியாது. டாக்டரம்மா சொன்ன நிபந்தனை. எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"வேலையை விட்டுடுவேன்னு உங்ககிட்ட சொன்னது எங்கப்பா. நான் சொல்லல. ஆனா உங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்று முடித்தாள்.

"வீட்டோட மாப்பிள்ளையா வரச் சொல்றா" என்றார் சித்தப்பா. "கேட்டியாடா? பையை எடு."

எபநேசர் பையை எடுக்கவில்லை. "உங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் தயாராக எவ்வளவு நாளாவும்?" என்று அவளிடம் கேட்டார்.

"ஹைஸ்கூல் முடிச்ச பொண்ணு எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. அதுவும் முதல் வருஷம். அது நர்ஸ் படிப்பு முடிச்சு, பிரசவம் முடிச்சு, அப்புறம் டீச்சர் படிப்புக்குப் போய் வரணும். அஞ்சு வருஷத்துக்குக் கம்மியா ஆவாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்க ஸ்கூல்ல ட்ரெயினிங் இல்லாத வாத்தியார் ஒருத்தர் இருந்தார். தங்கமான மனுஷன். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துட்டு, அந்த வகுப்பையே மூடிட்டார். புள்ளைங்க ஆட்டு மந்தைக்குப் போயிடுச்சுங்க. நீங்க சொல்றது எனக்குப் புரியுது. புரியறது வேற. எங்கம்மா திருப்பத்தூர்ல இருக்காங்க. என்னை விட்டா அவங்களுக்கு யாரும் இல்ல. அவங்க அந்த ஊரை விட்டு வர மாட்டாங்க."

இதைத் தானியேல் விசாரித்திருக்கவில்லை. தாய் இருக்கிறாள் என்று தெரியும். வர மாட்டாள் என்று தெரியாது.

அமிர்தவள்ளிக்கும் அது புதிது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கிப் போனதை அவன் கண்டான். ஆனால் குரல் மாறவில்லை.

"அது எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். கேக்கறதுக்கு இன்னும் சங்கடப்பட்டிருப்பேன்."

"நான் முடியாதுன்னு சொன்னா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை நானே கோயிலுக்கு வருவேன். ஐயர் கேக்கறப்ப நானே எழுந்து நிப்பேன். உங்க மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணு தலையில பழி விழக் கூடாது. உங்க வீட்டு மேலயும் விழக் கூடாது. என்னோட போகட்டும்."

சித்தப்பா பையின் முடிச்சை மறுபடி அவிழ்த்தார்.

எபநேசர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அப்ப நானும் வர்றேன், ஞாயித்துக்கிழமை."

எதற்கு என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

தெருமுனை வரைக்கும் அக்காவும் தம்பியும் நடந்தார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பும் இடத்தில் அவள் நின்றாள்.

"அவர் வர்றேன்னு சொல்லாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்டா" என்றாள். "அவரைப் பார்க்காம எழுந்து நிக்கறது சுலபம்."

கண்ணைத் துடைக்கவில்லை. துடைத்தால் தெருவுக்குத் தெரியும் என்பதுபோல நேராக நடந்து போனாள்.

*

தானியேல் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். வரிசையாகச் சொன்னான். எதையும் விடவில்லை. கடைசியில் தன்னுடையதையும் சேர்த்துக்கொண்டான்.

"அக்காவுக்கு இந்தக் கல்யாணம் வேணும்பா. வேலையும் வேணும். ராஜிநாமா குடுக்கச் சொல்லி நான் அவகிட்ட கேக்கல. கேக்கவும் மாட்டேன்."

பூவம்மாள் கணவனைப் பார்த்தாள். அப்பா கையை ஓங்குவார், அல்லது வீட்டை விட்டுப் போ என்பார் என்று தானியேல் நினைத்தான். தேவசகாயம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்புக் குழியில் வருஷக்கணக்காக வெந்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

"காசி நேத்து வேலைக்கு வந்துட்டான்" என்றார் திடீரென்று. "கழுத்துல தழும்பு மட்டும் இருக்குது."

விரல்களைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"வாக்குக் குடுத்தது நான். அவ இல்ல. அந்தம்மா மிஷனுக்கு எழுதறேன்னாங்களா, எழுதிப் பார்ப்பேன்னாங்களா?"

"எழுதிப் பார்ப்பேன்னுதான் சொன்னாங்களாம்பா."

தேவசகாயம் எழுந்து சட்டையை மாட்டினார். வெள்ளைத் தலைப்பாகையை எடுத்துப் பிரித்து, கண்ணாடி பார்க்காமலே கட்ட ஆரம்பித்தார். அவர் பெரிய டாக்டரம்மாவோடு வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் பூவம்மாள். "கேக்கப் போறியா, சண்டைக்குப் போறியா?"

தலைப்பாகையின் முனையைச் செருகினார். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு கணம் நின்றார். அவருக்கே அது இன்னும் தெரியாது என்று தானியேலுக்குத் தோன்றியது.

"கதவைச் சாத்திக்க" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிச் சாலையில் இறங்கி நடந்தார்.